கூண்டுப் பாம்பின் உபவாசம்

யானையைக் கரும்பு காட்டியும், குதிரையைக் கொள்ளு வைத்தும், புலியைப் பட்டினி போட்டும் வசப்படுத்தக் கற்றுக்கொண்ட மனிதன், பாம்பினிடத்தில் மட்டும் அந்த உபாயம் பலிக்காமல் நெடுங்காலம் திகைத்து நின்றான். கூண்டுக்குள் விட்ட எலி பாம்பின் முதுகின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பாம்போ சுருண்ட சுருள் கலையாமல், தலையைக்கூட உயர்த்தாமல் கிடக்கும். வாரம் போகும், மாதம் போகும், சில சமயம் ஓர் ஆண்டே கழிந்துவிடும். வளர்ப்பவனுடைய மனம் பதறும், பாம்பு பதறாது. இந்தப் பிடிவாதத்தின் காரணத்தை அறிந்துகொள்ள ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த மிருகசாலைக்காரர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தச் சரித்திரத்தின் பெரும்பகுதி, குறையைப் பாம்பினிடத்தில் தேடி அதன் தொண்டைக்குள் உணவைத் திணித்தவர்களின் சரித்திரம். எஞ்சிய சிறு பகுதியே, குறை கூண்டில் இருக்கிறது என்று கண்டுகொண்ட சிலருடைய சரித்திரம். அந்தச் சிலரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் முன்னவர்களைச் சொல்லாமல் பின்னவர்களின் பெருமை விளங்காது.

1817-ஆம் ஆண்டில், சீன தேசத்துக்குத் தூது சென்ற ஆமர்ஸ்ட் பிரபுவின் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு திரும்பிய 'அல்செஸ்ட்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் காஸ்பர் ஜலசந்தியில் பாறையில் மோதி நாசமாயிற்று. உயிர் தப்பியவர்கள் படேவியாவிலிருந்து 'சீஸர்' என்ற வேறொரு கப்பலில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டபோது, போர்னியோத் தீவில் பிடிபட்ட பெரிய மலைப்பாம்பு ஒன்றும் அவர்களோடு பிரயாணம் செய்தது. அதற்கு இரையாவதற்கென்றே ஆடுகளையும் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். அல்செஸ்ட் கப்பலின் வைத்தியராக இருந்த ஜான் மக்லியட் தம் பிரயாண நூலில், அந்தப் பாம்பு ஓர் ஆட்டைப் பற்றி, நெரித்து, விழுங்கிய காட்சியை, வாசிப்பவர் மனம் நடுங்கும்படி விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். ஆனால் கப்பல் உஷ்ண தேசத்தை விட்டுத் தெற்கே குளிர்ந்த கடலுக்குள் இறங்க இறங்கப் பாம்பும் சோர்ந்தது; நன்னம்பிக்கை முனைக்கும் செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இடையில் இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது இரைப்பையின் சுவரைப் புழுக்கள் துளைத்திருந்தன. ஆட்டின் உடம்பில் ஒரு கொம்பைத் தவிர மற்றெல்லாம் கரைந்துபோயிருந்தன. கூண்டுப் பாம்பு உண்ணாமல் மடிவதற்குரிய காரணங்களுள் தலையாய இரண்டு, அதாவது குளிரும் குடற்புழுவும், அந்த ஒரே பிரேத பரிசோதனையில் அகப்பட்டுவிட்டன என்றே சொல்லலாம். எனினும் அதைப் படித்தவர்கள் ஆட்டை விழுங்கிய அதிசயத்தை நினைவில் வைத்துக்கொண்டார்களேயன்றி, பாம்பு ஏன் இறந்தது என்பதில் கருத்தைச் செலுத்தவில்லை.

அக்காலத்தில் லண்டனில் தேம்ஸ் நதிக்கரைக் கோட்டையாகிய டவரில் அரசருக்குச் சொந்தமான மிருகசாலை ஒன்று இருந்தது. அதன் பாதுகாவலர் ஆல்பிரட் காப்ஸ் என்பவர். அங்கிருந்த பெரும்பாம்புகளுக்கு உயிருள்ள கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே நீட்டுவது அவர் வழக்கம். ஒரு நாள், சட்டை உரிக்கும் தறுவாயில் இருந்த பாம்பு ஒன்றின்முன் அவர் கோழியை நீட்டினார். சட்டை கழலும் முன்னர்ப் பாம்பின் கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலும் பால்போல் மங்கிவிடுவதால், அதற்குப் பார்வை பெரும்பாலும் இல்லாமற் போகும். பாய்ந்த பாம்பு கோழியைத் தவறவிட்டுக் காப்ஸின் இடக்கைக் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்விய மறுகணமே அவருடைய கையையும் கழுத்தையும் சுற்றிக்கொண்டது. உதவியாளர்கள் ஓடிவந்து பாம்பின் பற்களை உடைத்து அவரை விடுவித்திராவிட்டால் அன்றே அவர் உயிர் போயிருக்கும். 1829-இல் வெளிவந்த டவர் மிருகசாலை பற்றிய நூலில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. சட்டை உரிக்கும் பருவத்தில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடமாட்டா. அந்தச் சில நாட்கள் அவற்றைத் தனியே விட்டுவிடவேண்டும் என்பது இன்று பாம்பு வளர்க்கும் பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த விஷயம். காப்ஸ் அந்த ஞானத்தைத் தம் கட்டைவிரலைக் கொடுத்துக் கற்றார்.

1849-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தார் ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஊர்வனவற்றுக்கென்று தனி இல்லம் ஒன்று திறந்தார்கள். உலகத்தில் அத்தகைய இல்லங்களுள் முதலாவது அதுவே. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாகமும் மலைப்பாம்பும் கிடப்பதைக் காணக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஆனால் அந்தப் பாம்புகளுக்கு லண்டன் குளிரிலிருந்து பாதுகாப்பாக அளிக்கப்பட்டது என்ன தெரியுமா? கம்பளிப் போர்வை. போர்வையின் இயல்பு உள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியே போகாமல் காப்பது. மனித உடம்பு ஓயாமல் உஷ்ணத்தை உண்டாக்கிக்கொண்டிருப்பதால் நமக்குப் போர்வை சுகமாக இருக்கிறது. தனக்கென்று உடற்சூடு இல்லாத பாம்பைக் கம்பளியால் போர்த்துவதில் பயன் ஏதும் இல்லை. நன்மை செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு, தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டு, அவர்கள் அதைச் செய்தார்கள். 1851-இல் அங்கிருந்த போவா ஒன்று தன் போர்வையையே விழுங்கிவிட்டு, ஏறத்தாழ ஐந்து வாரம் வயிற்றில் வைத்திருந்து, பின்னர் அதை முழுசாகக் கக்கியது. இரையின் வாசனை கம்பளியில் ஏறியிருந்தால் பாம்பு அதையும் இரையாகவே கொள்ளும். உணவைப் பாம்பு தெரிந்துகொள்வது கண்ணால் மட்டுமன்று, மணத்தாலும் என்னும் உண்மை அப்பொழுதே வெளிப்பட்டிருக்கக் கூடும். ஆனால் அந்தச் சம்பவமும் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பத்திரிகைகளில் உலவி மறைந்தது.

பாம்பின் பசிக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கே சற்று விளக்கவேண்டும். உஷ்ண தேசப் பாம்புக்கு 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய சூடு கிடைத்தால்தான் அதன் ஜீரண நீர்கள் நன்கு சுரந்து வேலை செய்யும். அந்தச் சூடு இல்லாத இடத்தில் விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். அழுகிய இரையைப் பாம்பு கக்கும், கக்க முடியாவிட்டால் அதனாலேயே நோயுறும். ஆகவே குளிர்ந்த கூண்டில் இரையை ஏற்க மறுக்கும் பாம்பு, தன்னைக் காத்துக்கொள்ளும் காரியத்தையே செய்கிறது. இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று கருதியவர்கள், பாம்பு எதை மறுத்துத் தன்னைக் காத்துக்கொண்டதோ அதையே பலாத்காரமாக அதன் வயிற்றுக்குள் செலுத்தினார்கள்.

பலாத்கார போஜனத்தைச் சாஸ்திரமாகவே வளர்த்தவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் பிரெஞ்சு வைத்தியராகிய ஆல்பர்ட் கால்மெட். அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. 1891-இல் அவர் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தை நிறுவியபோது, பாக் லியூ பகுதியில் வெள்ளத்தால் துரத்தப்பட்ட நாகங்கள் கிராமத்துக்குள் புகுந்து பலரைக் கடித்தன. பிடிபட்ட நாகங்களை ஒரு பீப்பாயில் அடைத்து அவரிடம் அனுப்பிவைத்தார்கள். அந்தப் பீப்பாயிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே, சில ஆண்டுகளில் பாம்புக்கடிக்கு முதல் மாற்று மருந்தாகிய சீரத்தை உலகுக்கு அளித்தது. விஷம் வேண்டுமானால் பாம்பு உயிரோடு இருக்கவேண்டும்; விஷப்பாம்போ சிறைப்பட்டால் பெரும்பாலும் இரையைத் தொடாது. பிற்காலத்தில் லில் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தின் தலைவரான கால்மெட், பாம்பின் வாயைத் திறந்து, புனல் வழியாக முட்டையை அதன் உணவுக்குழாய்க்குள் ஊட்டும் முறையைக் கைக்கொண்டார். 1907-இல் அவர் வெளியிட்ட விஷங்களைப் பற்றிய நூலில், மார்த்தினீக் தீவின் கொடிய விரியன் ஒன்றுக்கு இவ்வாறு ஊட்டுவதைப் படிப்படியாகக் காட்டும் புகைப்படங்கள் இருக்கின்றன. மனித உயிரைக் காப்பதற்காகச் செய்த காரியம் என்பதால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரேசில் தேசத்தில் ஸாவோ பவுலோ நகருக்கருகில் 1901-இல் தோன்றிய புட்டாந்தான் நிலையமோ வேறு வழியைக் கண்டது. அதன் தலைவர் விட்டல் பிரேசில் என்பவர், பாம்பு பிடித்து அனுப்பும் குடியானவர்களுக்கு அதற்கு ஈடாகச் சீரம் அனுப்பினார். ரெயிலில் பெட்டி பெட்டியாகப் பாம்புகள் வந்துகொண்டே இருந்ததால், ஒரு தனிப் பாம்பு நெடுநாள் வாழ்ந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே குறைவு.

அமெரிக்காவில் இந்தப் பலாத்காரம் வேடிக்கைக் காட்சியாக மாறியது. 1899-இல் திறக்கப்பட்ட நியூயார்க் விலங்கியல் பூங்காவில் ஊர்வனவற்றின் பொறுப்பாளராக இருந்த ரேமண்ட் டிட்மார்ஸ், பாம்புகளைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் மிகச் சிறந்தவர். 1907-இல் வெளிவந்த அவருடைய ஊர்வன பற்றிய பெருநூலைப் படித்துவிட்டுப் பாம்பை நேசிக்கத் தொடங்கியவர்கள் அநேகர். அவரும், உண்ண மறுத்த பெரிய மலைப்பாம்பை ஆட்கள் வரிசையாக நின்று பிடித்துக்கொள்ள, கொன்ற முயல்களைக் கயிற்றால் கோத்து மூங்கில் கழியால் தொண்டைக்குள் தள்ளும் முறையைக் கையாண்டார். கலிபோர்னியாவில் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் 1920-களில் நடந்தது இதையும் மிஞ்சியது. 'டயப்ளோ', அதாவது பிசாசு, என்று பெயரிடப்பட்ட 23 அடி நீளமுள்ள மலைப்பாம்பு அங்கே வந்து சேர்ந்தது முதல் எதையும் உண்ணவில்லை. ஆகவே அவ்வப்போது ஒரு நாள் குறித்து, அதை வெளியே எடுத்து, தலை முதல் வால்வரை ஆட்கள் நின்று நேராக நீட்டிப் பிடித்துக்கொள்வார்கள். இறைச்சியை அரைத்து நிரப்பும் யந்திரம் ஒன்றோடு குழாயை இணைத்து, குழாயின் மறுமுனையை வாய்வழியே உள்ளே செலுத்துவார்கள். ஒருவர் யந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற, அரைத்த இறைச்சி குழாய் வழியே பாம்பின் உடம்பில் இறங்கும். இதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். ஒரு பிராணியின் துன்பம் அந்த மிருகக்காட்சிசாலைக்கு வருமானமாயிற்று.

திணித்த உணவு பாம்புக்கு உதவிற்றா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே அனுபவம் சொல்லுகிறது. பயத்தால் நடுங்கும் பாம்பு, உள்ளே சென்றதைச் சிறிது நேரத்தில் கக்கிவிடும். வாயைத் திறக்கப் பயன்படுத்தும் கருவி ஈறைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் சீழ் பிடித்து, வாய் அழுகல் என்று வளர்ப்போர் அஞ்சும் நோய் உண்டாகும். வாய் புண்ணான பாம்பு, பசித்தாலும் இனித் தானாக உண்ணாது. இவ்வாறு ஒரு மாதத்து மறுப்பை நிரந்தர மறுப்பாக்கிய பெருமை அந்த மூங்கில் கழிக்கும் குழாய்க்கும் உரியது. நோயாலோ காயத்தாலோ மெலிந்து உயிருக்கே ஆபத்து வந்த பாம்புக்கு, இன்றும் கால்நடை வைத்தியர்கள் மெல்லிய குழாயால் திரவ ஆகாரம் செலுத்துவதுண்டு, அது சிகிச்சை. ஆரோக்கியமான பாம்புக்கு அதைச் செய்வது வேறு.

இந்த இருண்ட சரித்திரத்தில் விளக்கேற்றியவர் ஒரு பெண்மணி. ஜோன் பீச்சம் பிராக்டர் 1897-இல் லண்டனில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாம்புகளையும் பல்லிகளையும் வளர்த்தவர்; பதினாறு வயதில் தம் குட்டி முதலையைப் பள்ளிக்கூட வகுப்புக்கே எடுத்துச் சென்றவர். தீராத குடல்நோய் அவரைக் குழந்தைப் பருவம் முதல் வாட்டியதால் சர்வகலாசாலைப் படிப்பு கைகூடவில்லை. இந்தியாவின் ஊர்வனவற்றைப் பற்றிய அடிப்படை நூலை 1890-இல் எழுதிய ஜார்ஜ் பூலஞ்சர் என்னும் பேரறிஞர், பிரிட்டிஷ் மியூசியத்தில் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1923-இல், தம் இருபத்தாறாம் வயதில், லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றின் பொறுப்பை அவர் ஏற்றார். பழைய இல்லத்தில் பாம்புகள் மடிவதைக் கண்ட அவர், கூண்டையே மாற்றத் துணிந்தார். அவர் திட்டத்தின்படி எழுந்த புதிய ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. அங்கே கட்டடம் முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கும் பழைய வழக்கம் ஒழிந்தது. ஒவ்வொரு கூண்டுக்கும் அதிலுள்ள பிராணிக்கு ஏற்ற உஷ்ணத்தை மின்சாரத்தால் தனித்தனியே அளித்தார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்காத விசேஷக் கண்ணாடி பொருத்தினார்கள். பார்வையாளர் நடக்கும் கூடத்தை மங்கலாகவும், கூண்டின் உட்புறத்தை ஒளியுள்ளதாகவும் அமைத்தார்கள். அவரே பாம்புகளின் வாய்ப்புண்ணுக்குச் சிகிச்சை செய்தார். தாமே கத்தி பிடித்து அறுவையும் செய்தார். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தம் பிராணிகளைப் பார்வையிட்ட அவர் 1931-இல் முப்பத்துநான்கு வயதிலேயே காலமானார். பாம்பை மாற்ற முயலாமல் பாம்பின் உலகத்தை மாற்றியவர் என்று அவரை நான் போற்றுகிறேன். இன்று எங்கேனும் ஒரு வீட்டில், கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க, நடுவில் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொண்டு கிடக்குமானால், அந்த ஏற்பாட்டுக்கு அவர் வகுத்த வழியும் ஒரு மூலம்.

உஷ்ணத்துக்கு அடுத்தபடி விளங்கிய இரகசியம் மறைவிடம். நியூயார்க்கின் ஒரு பகுதியாகிய ஸ்டேட்டன் தீவில் 1936-இல் தோன்றிய சிறிய மிருகக்காட்சிசாலையில் கார்ல் காஃபெல்ட் என்பவர் பல பத்தாண்டுகள் பாம்புகளைப் பராமரித்தார். அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியன்களில் அவர் சேர்த்துவைத்திருந்த அளவு வகைகள் வேறெங்கும் இல்லை என்று புகழ்பெற்றார். நான்கு பக்கமும் வெட்டவெளியாகக் கிடக்கும் பாம்பு எப்பொழுதும் பகையை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு முழுவதும் நாற்புறமும் உரசும்படியான ஒரு சிறு பொந்து கிடைத்துவிட்டால், நெடுநாள் உண்ணாதிருந்த பாம்பும் உண்ணத் தொடங்கும் என்பதை அவர் போன்றோரின் அனுபவம் நிலைநாட்டியது. பார்வையாளருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே கூண்டுகளை வெறுமையாக வைத்திருந்த மிருகக்காட்சிசாலைகளுக்கு இது கசப்பான பாடம். பார்க்க வருபவன் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாம்பின் பசியைக் கெடுக்கிறது.

மூன்றாவது, மணம். பாம்பு நாவை நீட்டி நீட்டி இழுப்பது காற்றிலுள்ள அணுக்களைச் சேகரித்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்னும் நுண்ணிய புலனிடம் சேர்ப்பதற்காக. 1960-களில் கார்டன் பர்க்ஹார்ட் என்ற அமெரிக்க அறிஞர், பிறந்ததிலிருந்து ஒரு முறையும் உண்ணாத பாம்புக் குட்டிகளின் முன்பு, மண்புழு, மீன் முதலியவற்றின் சாற்றில் நனைத்த பஞ்சை நீட்டினார். குட்டிகள் வெறும் பஞ்சின்மேல் வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தன. எந்தச் சாற்றுக்குப் பாய்ந்தனவோ, அதுவே காட்டில் அந்த இனத்தின் உணவாக இருந்தது. பசியைத் தூண்டும் மணத்தைப் பாம்பு கற்றுக்கொள்வதில்லை, அந்த அறிவோடேயே பிறக்கிறது என்பது தெளிவாயிற்று. இதை அறியாமலே பழைய பாதுகாவலர்கள் சிலர் பயன்படுத்திவந்ததுண்டு. மற்றப் பாம்புகளையே தின்னும் ராஜநாகத்துக்கு நியூயார்க்கில் அக்கம்பக்கத்துப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். பின்னர், செத்த எலியின்மேல் பாம்பின் உடம்பைத் தேய்த்து மணம் ஏற்றிக் கொடுத்தால் எலியையும் அது ஏற்பதைக் கண்டார்கள். சிறு பல்லியைத் தின்று வளரும் குட்டிப் பாம்பு பிறந்த எலிக்குஞ்சைச் சீந்தாவிடில், எலிக்குஞ்சின் மூக்கில் பல்லியின் மணத்தைத் தடவும் தந்திரமும் இதே வகையைச் சேர்ந்தது.

இந்த ஞானமெல்லாம் இன்று வீட்டில் பாம்பு வளர்ப்போரிடத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் தேசங்களிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் ஏற்றுமதியான பந்து மலைப்பாம்பு, 'பால் பைத்தான்' என்று வளர்ப்போர் செல்லமாகச் சொல்வது, உபவாசத்துக்குப் பேர்போனது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பு அது. காட்டிலிருந்து நேரே பிடிபட்டு வந்தது, தான் கண்டறியாத வெள்ளெலியை உணவு என்றே அறியாது. வளர்ப்போர் சிலர் அதன் நாட்டுப் பாலைவன எலியின் இனத்தைத் தேடிக் கொடுத்து அதன் நோன்பை முடித்தார்கள். நைஜீரியாவில் நடந்த ஆராய்ச்சியில் இளம் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையே உண்பதும் தெரியவந்தது. ஆண் பாம்பு இனச்சேர்க்கைக் காலம் முழுவதும், பெண் பாம்பு கருவுற்ற காலத்திலும் முட்டையைச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும் காலத்திலும், இயற்கையாகவே இரையை மறுக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் ஒன்றும் உண்ணாதிருந்து, பின்னர் ஒரு மாலையில் ஒன்றும் நடவாததுபோல் எலியைக் கவ்விய பால் பைத்தான்கள் உண்டு. இத்தனை நோன்பும் அதன் ஆயுளைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பிலடெல்பியா மிருகக்காட்சிசாலையில் ஒன்று 47 ஆண்டுகள் வாழ்ந்தது. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் ஒருவர் அளித்த பெண் பாம்பு, ஆண் துணையைக் கண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன நிலையில், 2020-இல் ஏழு முட்டைகள் இட்டது.

நீண்ட உபவாசத்தைத் தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிவியலார் ஓரளவு கண்டுவிட்டார்கள். உண்ணாத காலத்தில் மலைப்பாம்பின் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. இரை உள்ளே இறங்கியதும் இரண்டொரு நாளில் குடல் இருமடங்கு கனக்கிறது, இருதயமும் பருக்கிறது. பயன்படாத உறுப்பைப் பராமரிக்கும் செலவை இவ்வாறு அது மிச்சப்படுத்துகிறது. 2007-இல் மார்ஷல் மக்யூ என்ற ஆராய்ச்சியாளர் மூன்று இனப் பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைத்துப் பார்த்தபோது, அவை தம் உடற்செயலின் வேகத்தை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டதையும், எடை குறைந்துகொண்டிருந்தபோதே நீளத்தில் வளர்ந்ததையும் கண்டார். இந்த விவரம் வளர்ப்போரின் பதற்றத்துக்குச் சிறந்த மருந்து. அனுபவமுள்ளவர்கள் இன்று பாம்பு உண்ண மறுத்தால் முதலில் தராசை எடுக்கிறார்கள், வாரந்தோறும் எடையைக் குறித்துக்கொள்கிறார்கள், வெப்பமானியைப் பார்க்கிறார்கள், பொந்து போதிய அளவு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கண் மங்கியிருந்தால் சட்டை கழலும்வரை காத்திருக்கிறார்கள். பின்பு, உறையவைத்திருந்த எலியை உறைநிலை நீக்கி, வெந்நீரில் நனைத்து உயிருள்ளதன் சூட்டை ஏற்றி, இரவில் விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் பொந்தின் வாயிலில் வைத்துவிட்டு விலகிப்போகிறார்கள். அப்பொழுது கவனித்தால், இருளில் முதலில் நா மட்டும் வெளியே வரும். நாவின் அசைவு மெதுவாக இருந்து வேகம் கொள்ளும். கழுத்து வளைந்து பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலைக் கண்டவர் மூச்சையும் அடக்கிக்கொள்வார். எடை விடாமல் குறைந்தாலோ, வாயில் புண்ணோ மூக்கில் சளியோ தெரிந்தாலோ வைத்தியரிடம் எடுத்துச் செல்லவேண்டும். உள்ளே புழு இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிப்பார்கள்.

நம் நாட்டில் பாம்பை அடைத்துவைத்தவர் பாம்பாட்டிகள். கூடைக்குள் வைத்த நாகத்தின் பல்லைப் பிடுங்கியும், சிலர் வாயையே தைத்தும் வைத்திருந்ததால், அது ஏன் உண்ணவில்லை என்ற கேள்விக்கே இடமில்லாமற் போயிற்று. ஒன்று மெலிந்து இறந்தால் வேறொன்றைப் பிடித்தார்கள். நாகபஞ்சமி நாளில் அந்த நாகம் பாலைக் குடிப்பதைக் கண்டு பக்தர்கள் உருகினார்கள். பால்மீது அதற்குப் பிரியம் இல்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகம் அதைக் குடிக்கச் செய்தது. பாலை ஜீரணிக்கும் சக்தி இல்லாத அந்த ஜீவன் அதனாலும் நலிந்தது. 1972-ஆம் ஆண்டு வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் அடைத்துவைப்பதைக் குற்றமாக்கியது. அது நல்ல சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே சட்டம் வேறொரு கூட்டத்தாரைத் திக்கற்றவர்களாக்கியது. செங்கற்பட்டுச் சீமையில் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்த இருளர்கள், தோல் வியாபாரம் தடைப்பட்டதும் வேலையிழந்தார்கள். சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றி, மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் வடநெம்மேலியில் நடைபெற்றுவருகிறது. வனத்துறையின் அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவருகிறார்கள். பிடித்ததை மண்பானையில் இட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, இருளும் குளிர்ச்சியுமாக வைத்திருக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்துக்குள் சில முறை விஷம் எடுத்துவிட்டு, காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நம் தேசத்துப் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி செய்யப்படுகிறது. ஒரு மாத உபவாசம் பாம்புக்கு ஒரு பொருட்டன்று. கால்மெட்டின் புனலுக்கும் சான் டியேகோவின் யந்திரத்துக்கும் அங்கே வேலை இல்லை. பாம்பு எவ்வளவு காலம் பொறுக்குமோ அதற்குள் அதை வெளியே விட்டுவிடுவது என்னும் இந்த ஏற்பாடு, நான் படித்தறிந்த எல்லா உபாயங்களிலும் மேலானதாக எனக்குப் படுகிறது. விடுமுன் அதன் வயிற்றுச் செதிலில் சிறியதோர் அடையாளம் இடுகிறார்கள். அடையாளத்தோடு அகப்படும் பாம்பிலிருந்து மறுபடி விஷம் எடுப்பதில்லை.